டூரோ பள்ளத்தாக்கு ரயில்: ஒயின் மலைகளைப் பார்க்கச் சரியான வழி

போர்ச்சுகலின் வடபகுதியில், டூரோ ஆற்றின் இருகரையிலும் எழும் ஒயின் மலைகளுக்குப் போர்ட்டோ நகரிலிருந்து படகிலும் செல்லலாம், காரிலும் செல்லலாம், சாதாரணப் பயணிகள் ரயிலிலும் செல்லலாம். மூன்று வழிகளிலும் சென்றவன் என்ற முறையில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது ரயிலைத்தான். கட்டணம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். அந்த நிலம் எப்படி மாறுகிறது, அதில் உழைப்பு எங்கே புதைந்திருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெதுவும் காட்டுவதில்லை என்பதே முதன்மையான காரணம்.

முதல் ஒரு மணி நேரத்தில் பெரிதாகப் பார்க்க எதுவும் இல்லை. புறநகர்களையும் தைலமரக் காடுகளையும் கடந்து மார்கோ நிலையம் வரை மின்பாதை செல்கிறது. அதன்பின் டீசல் வண்டிதான். அங்கிருந்து சிறிது தொலைவில் தண்டவாளம் ஆற்றங்கரைக்கு இறங்கி, பிறகு தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. போர்ட்டோவில் ஏறும்போதே வலப்பக்க ஜன்னலோரம் இடம் பிடித்துவிட வேண்டும். ஃபெராடோசா பாலத்தில் ரயில் தென்கரைக்கு மாறிய பிறகு ஆறு இடப்பக்கம் வந்துவிடும்.

மேற்கே நிற்கும் மராவ் மலைத்தொடர் அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழைமேகங்களைத் தடுத்துவிடுகிறது. அதனால் ரேகுவா பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டராக இருக்கும் மழை, ஸ்பெயின் எல்லையை நெருங்கும்போது 400 அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்: மேற்கே அடர்ந்திருக்கும் பசுமை கிழக்கே செல்லச் செல்ல மெலிந்து, ஆலிவ் மரங்களும் வெறும் பாறையும் மிகுகின்றன. மண் என்று சொல்லத்தக்கது அங்கே குறைவு; ஷிஸ்ட் எனப்படும் தகடு தகடாகப் பிளவுபடும் பாறையை உடைத்துத்தான் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள், அந்தப் பிளவுகளுக்குள் வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. உடைத்த கல்லையே சாந்து எதுவும் இல்லாமல் அடுக்கிச் சுவராக்கியிருக்கிறார்கள். ரயில் வேகம் குறையும் வளைவுகளில் இந்தச் சுவர்களை உற்றுப் பார்க்க வேண்டும்: மலைச்சரிவில் படிபடியாக அமைத்த பழைய அடுக்குகளில் சுவர் ஆளுயரத்துக்கு எழ, அது தாங்கும் நிலத்திலோ ஒன்றிரண்டு வரிசைக் கொடிகளே நிற்கின்றன. இடையிடையே புதர் மண்டிக் கிடக்கும் அடுக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்செரா பூச்சி அழித்த தோட்டங்கள். அவற்றில் பல மீண்டும் பயிரிடப்படவே இல்லை.

பின்யாவ் நிலையத்தில் கட்டாயம் இறங்க வேண்டும். 1937-இல் பதித்த, ஓடுகளால் ஆன 24 சித்திரங்கள் நிலையச் சுவர்களை அலங்கரிக்கின்றன. அறுவடையும், கூடை சுமக்கும் ஆட்களும், பீப்பாய்களை ஏற்றிச் செல்லும் ரபேலோ படகுகளும் நீல வண்ணத்தில் விரிகின்றன. அழகுக்காக மட்டுமல்ல, அந்தப் பொருளாதாரத்தின் ஆவணமாகவும் இவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்தப் பொருளாதாரம் நீண்ட காலம் ஆற்றின் கீழ்முனையை நோக்கியே சாய்ந்திருந்தது. 1756-இல் பொம்பால் பிரபு இப்பகுதிக்கு எல்லை வகுத்துக் கருங்கல் தூண்களை நடச் செய்தார். திராட்சைச் சாறு நொதிக்கும்போதே 77 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து, இனிப்பு எஞ்சும்படி நிறுத்துவதே போர்ட் ஒயின். விளைவது மலையில் என்றாலும் 1986 வரை ஏற்றுமதி முழுவதும் கடலருகே உள்ள காயா நகரக் கிடங்குகள் வழியாகத்தான் நடந்தது. அந்த விதி தளர்ந்த பின்னரே தோட்டங்கள் நேரடியாக விற்கவும், விருந்தினர் விடுதிகளும் சுவைக் கூடங்களும் நடத்தவும் வழி பிறந்தது. எவ்வளவு சாற்றைப் போர்ட் ஆக்கலாம் என்பதற்கு இன்றும் ஆண்டுதோறும் ஒதுக்கீடு உண்டு. சரிவு, உயரம், மண், வெயில் திசை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நிலமும் தரம் பிரிக்கப்படுகிறது. ஒதுக்கீட்டுக்கு வெளியே போகும் பழத்துக்கு விலை குறைவு. இயந்திரம் நுழைய முடியாத அடுக்குகளில் ஓரிரு ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது பெரும் சுமை.

குறைகளும் உள்ளன. வண்டிகளின் எண்ணிக்கை சொற்பம். இருக்கை முன்பதிவும் கிடையாது. கோடையிலும் செப்டம்பர் அறுவடைக் காலத்திலும் கூட்டம் நெருக்குவதால், காலை முதல் வண்டியைப் பிடித்து, திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்வது அவசியம். கிராமத்துப் பேருந்துகள் அரிது என்பதால் நிலையத்திலிருந்து நடந்து எட்டக்கூடிய தோட்டங்களையே திட்டமிட வேண்டும்.

படகை நான் ஒதுக்கிவிடவில்லை. கராபடேலோ அணையில், நீரை நிரப்பிப் படகை மேலேற்றும் அடைப்புத் தொட்டியில் படகு 35 மீட்டர் உயர்வது காண வேண்டிய காட்சிதான். ஆனால் நான் சென்ற படகில் நேரத்தின் பெரும்பகுதி உணவு மேசையிலேயே கழிந்தது. தோட்டம் என்று காட்டியதும் ஒரு பெரிய விற்பனைக் கூடத்தை மட்டுமே. அந்தப் பணத்தில் பின்யாவில் ஓரிரவு தங்கி, தன் திராட்சையில் தானே ஒயின் செய்யும் சிறு குடும்பத்திடம் இரண்டு புட்டிகள் வாங்கலாம்.

நேரம் இருப்பவர்கள் பின்யாவோடு திரும்பிவிடாமல் போசின்யோ வரை செல்ல வேண்டும். 1887-இல் ஸ்பெயின் எல்லையைத் தொட்ட இந்தப் பாதை, 1988-இல் எஞ்சிய பகுதி மூடப்பட்டதால் இப்போது போசின்யோவிலேயே முடிந்துவிடுகிறது. துவா நிலையத்துக்கு அப்பால் பயணிகள் குறைந்துவிடுவார்கள், ஜன்னலோர இடம் எளிதில் கிடைக்கும். சாலையே அணுகாத பள்ளத்தாக்கின் சில பகுதிகளை அங்கிருந்துதான் பார்க்க முடியும்.