ஆர்வி-12: பறக்கும் செலவும் சும்மா நிற்கும் செலவும்

சொந்தமாகக் கட்டிய விமானம் என்றதும் சிங்கப்பூரில் எல்லாரும் என்னிடம் கேட்பது பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பதுதான். மணிக்கு 18 லிட்டர், கொஞ்சம் விரட்டினால் 20. ஆனால் செலவைத் தீர்மானிப்பது அது இல்லை. வருடத்தில் எத்தனை மணி நேரம் பறக்கிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அந்தக் கணக்கை யாரும் முழுசாகப் போட்டுக் காட்டுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது ஆர்வி-12. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக் கட்டும் விமானம், இரண்டு பேர் அருகருகே உட்காரலாம், ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின், 100 குதிரைத்திறன். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குடியேறிவிட்ட அண்ணனும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கி, அவர் வீட்டு கராஜில் கட்டினோம். பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்தே அடிக்கும் பாப் ரிவெட்தான், அதனால் ஒருவர் தனியாக நின்றே நிறைய வேலை பார்த்துவிடலாம். இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா என்று விமானத் தளங்களால் இந்தச் சின்னத் தீவின் வானம் ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது, நினைத்த நேரத்தில் கிளம்பிச் சுற்றிவிட்டு வர இடமே இல்லை. பெர்த் ஐந்து மணி நேரம்தான், கடிகாரத்தையும் மாற்ற வேண்டாம். விலை என்று பார்த்தால், 2023 அக்டோபரில் பெரிய காடிகளுக்கான சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், 150,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டியது நினைவிருக்கும். கிட், எஞ்சின், கருவிகள், சாயம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது அந்த ஒரு சான்றிதழை விடக் குறைவு.

சரி, எப்படிப் பறக்கிறது? 5,200 ஆர்பிஎம்மில் வைத்தால் 112 முதல் 115 நாட் வரை (மணிக்குச் சுமார் 210 கிலோமீட்டர்) நிதானமாகப் போகிறது, கம்பெனி சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஏறும் வேகம் மட்டும் வெயிலைப் பொறுத்தது. குளிர்கால காலையில் ஒருவர் மட்டும் இருந்தால் ஜிவ்வென்று மேலே போகும், ஜனவரியில் 40 டிகிரி வெயிலில் இரண்டு பேரோடு கிளம்பினால் நிமிடத்துக்கு 600 அடி கிடைத்தால் போதும் என்று ஆகிவிடும். குமிழ் மாதிரியான கண்ணாடி மூடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பது நம் ஊர் வெயிலில் வளர்ந்த எனக்கே கஷ்டம், துணித் திரை கட்டாயம் வேண்டும். பிற்பகலில் ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று அங்கே சொல்லும் கடற்காற்று கிளம்பிவிடும், இவ்வளவு லேசான விமானத்தை அது நன்றாகவே உலுக்கும், அதனால் கோடையில் பத்து மணிக்குள் இறங்கிவிடுகிறோம். முன்சக்கரம் எந்தப் பக்கமும் தளர்வாகச் சுழலும் வகை, தரையில் மெதுவாக ஓடும்போது பிரேக்கை மிதித்துத்தான் திருப்ப வேண்டும், காற்று பக்கவாட்டில் அடிக்கும் ஊர்களில் பிரேக் கட்டை சீக்கிரம் தேயும்.

எடையைப் பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை. உச்ச எடை 600 கிலோ. எங்கள் விமானத்தின் வெற்று எடை 345 கிலோவை ஒட்டி, ஆக 255 கிலோ மிச்சம். 85 கிலோ ஆட்கள் இரண்டு பேர், தொட்டி நிறைய 75 லிட்டர் பெட்ரோல் 54 கிலோ, அப்புறம் பைக்கு 31 கிலோ மிஞ்சுகிறது, ஆனால் சாமான் இடத்தில் 22 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டு பேர் வார இறுதிக்குத் தென்கரை ஊரான அல்பனி போய்வர இது தாராளம். கூடாரம், மடக்கு நாற்காலி என்று ஆசைப்பட்டால் இந்த விமானம் வேண்டாம்.

இனி பெட்ரோல். விமான நிலையங்களில் கிடைக்கும் ஆவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது, எண்ணெய்த் தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் விழுதுபோலப் படியும், கியர்பாக்ஸிலும் சேரும். ஈயமில்லாத பெட்ரோல் என்றால் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் போதும், ஆவ்கேஸே ஊற்றிக்கொண்டிருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை. நாங்கள் எத்தனால் கலக்காத 98 ஆக்டேன் பெட்ரோலை பங்கில் கேனில் பிடித்துப் போகிறோம், தூர ஊர்களில் வேறு வழியில்லாதபோது மட்டும் ஆவ்கேஸ். சாதாரண பெட்ரோலுக்கு ஒரு குணம் உண்டு, சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். இறங்கி அரை மணி நேரத்தில் மறுபடி கிளம்புவதென்றால் எஞ்சின் மேலுள்ள சின்னக் கதவைத் திறந்து வைத்து வெப்பத்தை வெளியே விடுங்கள், கிளப்பிய பிறகும் எஞ்சின் சீராக ஓடுகிறதா என்று நன்றாகப் பார்த்த பிறகே ஓடுபாதைக்குப் போங்கள்.

எண்ணெய் அளவு பார்ப்பதும் காடி மாதிரி இல்லை. இக்னிஷனை அணைத்துவிட்டு, அது சுழலும் திசையிலேயே புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும், ஒரு கட்டத்தில் தொட்டிக்குள்ளிருந்து களக் களக் என்று சத்தம் வரும், அதற்குப் பிறகு பார்க்கும் அளவுதான் உண்மையான அளவு. கார்புரேட்டர் மிதவைகளையும் அவ்வப்போது கழற்றி நிறுக்க வேண்டும், பெட்ரோலை உறிஞ்சி கனத்துவிட்டால் உள்ளே பெட்ரோல் மட்டம் ஏறி எஞ்சின் முரண்டு பிடிக்கும். ஒரு ஜோடி 7 கிராமைத் தாண்டக் கூடாது. இதற்காகவே சிராங்கூன் சாலையில் ஒரு சின்ன மின்தராசு வாங்கிக் கொடுத்தேன். சொந்த விமானத்துக்கு இந்த வேலைகளையெல்லாம் நாமே செய்ய அங்கே அனுமதி உண்டு, செலவு குறைவதற்குப் பெரிய காரணமே இதுதான்.

இப்போது கணக்கு, எல்லாம் ஆஸ்திரேலிய வெள்ளியில், எங்கள் அனுபவத்தில் சுமாராக. வருடத்துக்கு ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) 3,600, காப்புறுதி 2,800, பதிவும் சந்தாவும் 600, எண்ணெய், வடிகட்டி, பிளக் 700. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அதற்கு வருடத்துக்கு 500 எடுத்து வைக்கிறோம். மொத்தம் 8,200. ஒரு நிமிடம்கூடப் பறக்காவிட்டாலும் இது போய்விடும். பறந்தால் மணிக்கு 40 வெள்ளி பெட்ரோல், 2,000 மணி நேரம் ஓடியதும் எஞ்சினைப் புதுப்பிக்க வரும் செலவுக்கு 20 வெள்ளி, ஆக 60. வருடத்துக்கு 40 மணி நேரம் பறந்தால் மணிக்கு 265 வெள்ளி ஆகிறது, 100 மணி நேரம் பறந்தால் 142. "நிறுத்தி வைத்தால்தான்டா தம்பி செலவு" என்று அண்ணன் சொல்வது இதைத்தான். அதனால் சிங்கப்பூரில் இருந்துகொண்டு தனியாக ஒன்று வாங்கி அங்கே விட்டுவைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் இல்லாதபோது அண்ணன் பறப்பதால்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குங்கள், அதில் ஒருவராவது ஓடுதளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கட்டும்.

கட்ட நேரமில்லாமல் பறந்த விமானம் ஒன்றை வாங்குவதாக இருந்தால், பராமரிப்புப் புத்தகத்தைக் கேளுங்கள். எந்தப் பெட்ரோலில் ஓடியது, எண்ணெய் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாறியது, ரப்பர் குழாய்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்று பாருங்கள். ஐந்து வருடம் நெருங்கிவிட்டதென்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.