ரேம்ப் இருக்கா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? – டெல்டாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்புச் சேவைகள்: ஒரு மதிப்புரை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. எந்த மாவட்டத்தில் இருந்தாலும் வேலை தேடும் மாற்றுத்திறனாளி ஏறி இறங்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மக்கள் இன்னும் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் என்றே சொல்லும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், அவ்வப்போது நடக்கும் வேலைவாய்ப்பு முகாம், வேலை தேடுவோருக்கான மத்திய அரசின் என்சிஎஸ் இணையதளம், அப்புறம் போட்டித் தேர்வு. எல்லாம் சேர்த்து மார்க் போடச் சொன்னால் 5-க்கு 3 போடலாம். அட்டை கிடைக்கிறது, பதிவும் சிரமமில்லை. ஆளைப் பார்த்து வேலையைப் பொருத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு என்ன ஆனார் என்று கேட்க நாதியில்லை.

முதலில் யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இது இல்லாமல் எந்த மேசையிலும் பேச்சு தொடங்காது. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. அட்டையின் நிறமே குறைபாட்டின் அளவைச் சொல்லிவிடும்: 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம். வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 தான் வாசற்படி.

இந்த 40-ல் ஒரு சூட்சுமம் உண்டு. காலிலும் காதிலும் குறைபாடு உள்ளவர் எலும்பு மருத்துவரிடம் மட்டும் காட்டிவிட்டு 36 சதவீதத்தோடு வெள்ளை அட்டை வாங்கி வந்துவிடுகிறார். காதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு 20 வந்தால் நேரடியாகக் கூட்டி 56 போடமாட்டார்கள்; கணக்கு வேறு. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய எண்ணை 90-லிருந்து பெரியதைக் கழித்த மிச்சத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். 36-ம் 20-ம் சேர்ந்தால் 48. மஞ்சள் அட்டை! விண்ணப்பத்தில் இரண்டு குறைபாட்டையும் குறித்தால்தான் இரண்டு மருத்துவரிடமும் அனுப்புவார்கள். 2016-ம் ஆண்டு சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடு, தாலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. கை கால் குறைபாட்டுக்கு மட்டும்தான் அட்டை என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்த தொல்லை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'கே', ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, யுடிஐடியில் அதுவும் இல்லை. முகாமில் இதை யாரும் பார்க்கமாட்டார்கள். சான்றிதழ் சரிபார்ப்பிலும் பிஎஃப் கணக்கு தொடங்கும்போதும்தான் மாட்டும். ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஏற்பத் திருத்திவிட்டு, பிறகு அட்டைக்கு விண்ணப்பிப்பது நல்லது. இந்த வரிசை மாறினால் இரண்டு இடத்தில் அலைய வேண்டும். அட்டை நிரந்தரமா, காலாவதி தேதி போட்டதா என்பதையும் பாருங்கள். தேதி முடிந்த அட்டையோடு நேர்காணலுக்குப் போனால் 40 சதவீதமும் போச்சு.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைத் தமிழக அரசின் வேலைவாய்ப்பு இணையதளத்திலேயே செய்யலாம். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பத்தாவது முடித்த கையோடு பள்ளியிலேயே பதிந்தவர்கள் பலர். அதில் மாற்றுத்திறனாளி என்ற விவரம் ஏறியிருக்காது, அட்டை வந்த பிறகு சேர்க்கவும் மறந்திருப்பார்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் பெயர் வராது. புதுப்பிக்கும்போது முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பதிவு செய்து ஓராண்டு ஆனால் வேலையில்லா உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000. 10 ஆண்டுகள் வரை தருகிறார்கள். மற்றவர்கள் 5 ஆண்டு காத்திருக்க வேண்டும், இங்கே ஓராண்டு போதும் என்பது நல்ல அம்சம். தொகையைப் பற்றி என்ன சொல்ல? மாதம் 1,000 ரூபாய் தேர்வுப் புத்தகத்துக்கும் ஜெராக்சுக்கும் சரியாகப் போகும்.

உதவித்தொகை என்று பேசும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வேறு. விதிகளும் வேறு, அலுவலகமும் வேறு. 'வேலைக்குப் போனா பணம் நின்னுடும்' என்ற பயம் குடும்பங்களில் பெரிய தடை. அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்காட்டுக்கு, 25 கிலோமீட்டர் தள்ளி 9,000 ரூபாய் சம்பளத்தில் வேலை என்று வையுங்கள். தினம் 60 ரூபாய் பஸ்ஸுக்கு, 26 நாளுக்கு 1,560. ஓய்வூதியமும் நின்றால் இன்னொரு 1,500. கையில் உண்மையில் கூடுவது 5,940 தான், அதில் மதியச் சாப்பாடும் போக வேண்டும். எது நிற்கும், எது நிற்காது என்று தாலுகா அலுவலகத்திலும் நல அலுவலகத்திலும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்ட பிறகே வேலைக்குத் தலையாட்ட வேண்டும். வழிகாட்டும் மையம் என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட ஒரு ஆள் இருந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

இனி முகாம். பத்திரிகையில் வரும் படங்கள் எல்லாம் இங்கே எடுத்தவைதான். வரிசையாக மேசை, ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர்ப் பலகை. சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோயம்புத்தூர் பக்கம்தான் வேலை இருக்கும். பேக்கிங், அசெம்பிளி, டேட்டா என்ட்ரி, டெலிகாலர். 'ஊனமா, டெலிகாலர் போட்டுக்கலாம்' என்ற ஒரே சூத்திரம் எல்லா மேசையிலும் ஓடும். காது கேளாதவரிடமும் அதே விண்ணப்பத்தை நீட்டுவார்கள் என்பதைச் சிரிப்பதா அழுவதா. சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மண்டபத்தில் இருந்தாலும், 20 மேசைக்கு அவர் ஒருவரே என்றால் முறை வருவதற்குள் மேசையைக் கட்டிவிடுவார்கள். காது கேளாதவர்கள் கேட்க வேண்டிய ஐந்தாறு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டே போவது நல்லது.

சம்பளத்தைக் கடைசியாகக் கேட்டால் போதும். முதல் கேள்வி ஷிப்ட் முடியும் நேரம். இரண்டாவது, சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும்: கம்பெனியா, இடையில் உள்ள ஒப்பந்தக்காரரா? சொல்லும் தொகை கைக்கு வருவதா, பிடித்தம் போவதற்கு முன்னா? விடுதி, சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? விடுதி எந்த மாடி, லிப்ட் உண்டா, கழிப்பறை மேற்கத்திய முறையா? இதற்கெல்லாம் 'பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடலாம். பதிவுக் கட்டணம், யூனிபார்ம் டெபாசிட் என்று காசு கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

ரேம்ப் பற்றி ஒரு வார்த்தை. 'இருக்கு' என்று எல்லாரும் சொல்வார்கள். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது விதி. 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் 45 சென்டிமீட்டர், அதற்கு 5.4 மீட்டர் ரேம்ப், ஏறக்குறைய 18 அடி. நம்மூர்க் கட்டடங்களில் மூன்று படி மேல் 5 அடிக்கு சிமெண்ட் பூசி, பைக் ஏற்றுகிற மாதிரி நிமிர்த்தி வைத்திருப்பார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும்; இறங்கும்போது பின்புறமாகத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் முன்னால் கவிழ்ந்துவிடுவார். வாசலை மொபைலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. கதவு அகலம் 90 சென்டிமீட்டரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கழிப்பறைக் கதவுதான் அனேகமாக இதில் தோற்கும்.

பார்வையற்றோருக்கு வேறு சிக்கல். அறிவிப்புகளைத் தாளில் அடித்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம், வாய் திறக்காது. டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த பயோடேட்டாவும் அப்படித்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் அதை 'எம்ஜிகே' என்கிற மாதிரி உளறும். அதே கோப்பை எதிர்முனையில் கம்பெனிக்காரர் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் அவருக்கும் குப்பைதான். பயோடேட்டாவை யூனிகோடில் அடிக்கச் சொல்ல வேண்டும். மொபைலிலேயே அடித்து பிடிஎஃப் ஆக்கினால் இன்னும் நல்லது. என்விடிஏ இலவசம், தமிழும் வாசிக்கும். 'ஸ்கிரீன் ரீடர் வேண்டும்' என்றதும் செலவுக்குப் பயப்படும் முதலாளியிடம் இதைச் சொன்னால் பாதி பயம் போய்விடும்.

பயோடேட்டாவில் 'மாற்றுத்திறனாளி 60%' என்று மட்டும் எழுதாதீர்கள். அது மருத்துவமனைக்கான எண். முதலாளிக்கு அதில் ஒன்றும் புரியாது. 'இரண்டு கையும் முழுப் பயன்பாடு; உட்கார்ந்து 8 மணி நேரம் வேலை செய்ய முடியும்; அரை மணிக்கு மேல் நிற்க இயலாது; இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் சொந்தமாக உள்ளது' என்று இரண்டு வரி போதும்.

டெல்டாவில் வேலையை முடிவு செய்வது பஸ்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் 2021 முதல் கட்டணமில்லை, பெரிய உதவி. ஆனால் திருத்துறைப்பூண்டியிலிருந்து திருவாரூர், வேதாரண்யத்திலிருந்து நாகை என்று போகிற தூரத்துக்குப் புறநகர் பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டும். அதில் இந்தச் சலுகை கிடையாது, நல அலுவலகத்தில் தனியாகப் பாஸ் வாங்க வேண்டும். படியும் உயரம். ஷிப்ட் இரவு 8-க்கு முடிந்து கடைசி பஸ் 7.40 என்றால், எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் இரண்டாவது வாரம் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்கால் ரோட்டுக்கு வந்துவிட்டால் ஸ்கூட்டரும் போகாது. அந்த இரண்டு மாதத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுவார்களா என்று சேரும்போதே பேசிவிட வேண்டும். 2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்கா திறந்ததால் கணினி வேலைக்குச் சென்னை ரயில் ஏறாமல் விசாரிக்க ஒரு இடமாவது இருக்கிறது. கும்பகோணம் லாட்ஜ் வரவேற்பு, மருந்துக்கடை பில்லிங், ரைஸ் மில் எடைமேடைக் கணக்கு மாதிரி உட்கார்ந்து செய்யும் உள்ளூர் வேலைகள் முகாம் மேசைக்கு வருவதே அபூர்வம். நேரில் போய்க் கேட்டால்தான் உண்டு.

அரசு வேலையைப் பொறுத்தவரை இடஒதுக்கீடு 4 சதவீதம். பார்வை, செவி, கை கால் மூன்றுக்கும் தலா 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 1. விண்ணப்பிக்கும் முன் அந்தப் பதவிக்கு எந்தக் குறைபாடு ஏற்கப்பட்டிருக்கிறது என்ற குறியீட்டைப் பார்க்க வேண்டும்: ஓஎல் என்றால் ஒரு கால், ஓஏ ஒரு கை, பிஎல் இரு கால், எல்வி குறைபார்வை, எச்எச் செவித்திறன் குறைவு. நம் குறியீடு இல்லாத பதவிக்கு ஒரு வருஷம் படித்துத் தேர்ச்சியும் பெற்று, கடைசியில் தகுதியில்லை என்று திரும்புவது கொடுமை. டிஎன்பிஎஸ்சியில் 40 சதவீதம் முதல் தேர்வுக் கட்டணம் இல்லை, வயதில் 10 ஆண்டு தளர்வு உண்டு. சொல்வதை எழுதுபவர் வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே குறித்துவிட வேண்டும். தேர்வு நாளன்று கேட்டுப் பயனில்லை. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம்.

சென்னை கிண்டியில் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் இருக்கிறது. எந்த வேலை ஒத்துவரும் என்று ஆளை வைத்து மதிப்பிடுகிறார்கள், பயிற்சியும் உண்டு. டெல்டாவில் இல்லாத சேவை இதுதான். ஒருமுறையாவது போய்வரலாம், அதுவும் விபத்தில் கை கால் பாதித்துப் பழைய தொழிலுக்குத் திரும்ப முடியாதவர்கள்.

சொந்தத் தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம். மாற்றுத்திறனாளி 5 சதவீதம் முதல் போட்டால் போதும், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். கிராமம், நகரம் என்பது கடை இருக்கும் இடத்தைப் பொறுத்தது. வாடகை ஒப்பந்தம் போடும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாளிகளும் இதைப் படித்தால்: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வைக்க வேண்டும், ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000, மாற்றுத்திறனாளி ஊழியருக்கு 25,000. சம்பளம் 22,000 தாண்டியதும் கணக்கர் பழக்கதோஷத்தில் இஎஸ்ஐயை நிறுத்திவிடுவார்; ஊழியர் சம்பளச் சீட்டில் அந்த வரியை மாதாமாதம் பார்க்க வேண்டும்.

முகாமில் வேலை கிடைத்தால் அந்த மேசையில் இருந்தவரின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொண்டு, நியமனக் கடிதத்தின் நகல் ஒன்றை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்றாம் மாதம் சம்பளம் வராமல் போனால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக மனுவோடு இணைக்க அந்தத் தாள் தேவைப்படும்.