ஓவர் பிரிட்ஜா, மேடான கடவையா? கொங்கு ஊர்களில் ரோட்டைத் தாண்ட எது நல்லது

கோவையிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ ரோட்டைத் தாண்டும்போது ஒருவர் அடிபட்டு இறந்துவிட்டால், அடுத்து எழும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "இங்கே ஒரு நடை மேம்பாலம் கட்டுங்கள்." அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் ஆற்றாமை நியாயமானது. 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். ஆனால் அதற்கு மருந்து மேம்பாலம்தானா?

நமக்கு முன்னால் இருப்பவை நடை மேம்பாலம், சுரங்கப்பாதை, சிக்னலோடு கூடிய ஜீப்ரா கிராசிங், ரோட்டையே நடைபாதையின் உயரத்துக்குத் தூக்கிப் போடும் மேடான கடவை. ஊருக்குள் என்றால் கடைசி இரண்டும்தான் சரி என்பது என் முடிவு.

மேம்பாலத்தை முதலில் பார்ப்போம். அடியில் லாரியும் பஸ்ஸும் தட்டாமல் போக ஐந்தரை மீட்டர் உயரமாவது விட வேண்டும். படிக்கு 15 செ.மீ. என்று வைத்து, பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏற 40 படி, இறங்க 40 படி. கீழே நான்கு வழி ரோட்டின் அகலமோ 14 மீட்டர்தான். நொடிக்கு 1.2 மீட்டர் என்ற சாதாரண நடையில் 12 நொடியில் தாண்டிவிடலாம். மெதுவாக நடக்கும் பெரியவருக்கும் 15, 16 நொடி போதும். இதற்குப் பதிலாக 80 படி ஏறி இறங்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

திருப்பூரில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பனியன் கம்பெனிகள் இருக்கும் எந்த மெயின் ரோட்டில் நின்று பார்த்தாலும் இது புரியும். நாள் முழுக்க நின்றுகொண்டே செக்கிங்கும் பேக்கிங்கும் செய்த பெண்கள், டிபன் கேரியர் பையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையை வண்டிகளை நோக்கி நீட்டியபடி சேர்ந்தாற்போல் ரோட்டில் இறங்குவார்கள். கண் மட்டும் எதிர்ப்பக்கம் கிளம்பத் தயாராக நிற்கும் பஸ்ஸின் மேல் இருக்கும். அவர்களிடம் போய்ப் பாலம் ஏறச் சொன்னால், "ஏனுங்க, அதுல ஏறி எறங்கறதுக்குள்ள பஸ்ஸு போயிருமுங்க" என்பார்கள். கால் வலிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை 'விதியை மீறுகிறவர்கள்' என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் தேய்ந்தவர், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோரையும் மேம்பாலம் ஆரம்பத்திலேயே விலக்கிவிடுகிறது. லிஃப்ட் வைக்கலாம்தான். அதைத் தினமும் ஓட்ட ஆளும் கரண்டும் பராமரிப்புக் காசும் வேண்டும்.

மேம்பாலமே கூடாது என்று சொல்லவில்லை. சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544, பெருந்துறை, அவினாசி, கருமத்தம்பட்டி வட்டாரங்களை ஒட்டிப் போகிறது. அங்கே வண்டிகள் வரும் வேகத்துக்கு ஜீப்ரா கோடு போட்டு மக்களை இறக்கிவிடுவது கொலைக்குச் சமம். அந்த மாதிரி இடத்தில் சாய்தளம் வைத்த மேம்பாலமோ, ரோட்டுக்கு அடியில் அகலமான வழியோ கட்டாயம் தேவை. சிக்கல் எங்கே என்றால், ஹைவேக்கு எழுதிய அதே மருந்துச் சீட்டை ஊருக்குள் இருக்கும் கோவை கிராஸ்கட் ரோட்டுக்கும் ஈரோடு மேட்டூர் ரோட்டுக்கும் நீட்டுவதில்தான்.

சுரங்கப்பாதை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு பலத்த மழைக்கே லங்கா கார்னர் ரயில் பாலத்தடியும் அவினாசி ரோடு பழைய மேம்பாலத்தின் அடியும் என்ன ஆகின்றன என்று கோவைக்காரர்களுக்குத் தெரியும். தண்ணீர் நின்றால் பாதை மூடல். தண்ணீர் இல்லாத நாளிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக உள்ளே இறங்கத் தயங்குவார்.

அடுத்தது சிக்னல். இங்கே கோவைக்கென்றே ஒரு தனிக் கதை உண்டு. சில ஆண்டுகளாகப் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு, யூ-டர்னும் ரவுண்டானாவும் வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டுபவருக்கு நிம்மதி, காத்திருக்கும் நேரம் மிச்சம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிவப்பு விளக்கு என்ற ஒன்று இருந்தவரை, வண்டிகள் மொத்தமாக நிற்கும் ஒரு இடைவெளி நடப்பவருக்குக் கிடைத்தது. அதுவும் போய்விட்டது. இப்போது ஓட்டம் அறுபடுவதே இல்லை. யூ-டர்ன் எடுத்து வருகிற கார்க்காரர் எதிரே வரும் வண்டியைத்தான் பார்ப்பார், ஓரத்தில் காலெடுத்து வைக்கும் ஆளைப் பார்ப்பது அரிது. யூ-டர்ன் முறையைத் தொடர்வதானால், ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்தில் பட்டன் அழுத்தினால் சிவப்பு விழும் பெலிகன் சிக்னல் வைக்க வேண்டும். சென்டர் மீடியனை உடைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்க இரண்டு மீட்டர் அகலத் திட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்காரரின் இரண்டு நிமிஷத்துக்கான விலையை நடப்பவர் கொடுப்பதாகத்தான் ஆகும்.

வெறும் ஜீப்ரா கோடு? பெயிண்ட் மட்டும் யாரையும் நிறுத்தாது. மேடான கடவை நிறுத்தும், அல்லது வேகத்தையாவது உடைக்கும். நடைபாதை இருக்கும் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கே ரோட்டை மூன்று நான்கு மீட்டர் அகலத்தில் தட்டையாகத் தூக்கி, இருபுறமும் சரிவு கொடுத்து விடுவது. நடப்பவர் ஏறி இறங்க வேண்டியதில்லை, அந்த வேலையை வண்டி செய்கிறது. வழக்கமான வேகத்தடை போல முதுகை உடைக்காது, சரிவை நீளமாக விட்டால் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் சிரமமில்லாமல் போகும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை, பஸ் ஸ்டாப் இருக்கும் இடத்தில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு இறக்குவதைவிட மலிவான உயிர்காப்பு இல்லை. இதற்கு ஒரு குறை உண்டு: மழைத்தண்ணீர் ஓட ஓரத்தில் வழி விடாமல் கட்டினால் அந்த இடமே குளமாகிவிடும். காண்டிராக்டர் அவசரத்தில் தவறவிடுவது இதைத்தான்.

கடவை சரியானாலும் அதற்கு நடந்து வரப் பாதை வேண்டுமே. இதிலும் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கோவை ரேஸ்கோர்ஸிலும் ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலும் செய்தது போல ஒரு ரோட்டை எடுத்து மாதிரிச் சாலையாக்குவது. மற்றது, அதே பணத்தில் ஊர் முழுக்க அலங்காரம் இல்லாத நடைபாதை போடுவது. ரேஸ்கோர்ஸ் அழகாக இருக்கிறது, அங்கே நடப்பது சுகம். ஆனால் பலரும் வண்டியில் வந்து, நிறுத்திவிட்டு நடக்கிறார்கள். வேலைக்கும் கடைக்கும் நடந்தே ஆக வேண்டியவர் காந்திபுரத்திலும் உக்கடத்திலும் இருக்கிறார். அதனால் என் ஓட்டு இரண்டாவது கட்சிக்கு.

சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ், நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலமும், அதிகபட்சம் 15 செ.மீ. உயரமும் வேண்டும் என்கிறது. நம் ஊரில் நடைபாதை என்பது பெரும்பாலும் சாக்கடை மேல் போட்ட சிலாப். ஒரு சிலாப் உடைந்திருக்கும், அடுத்தது தூக்கிக்கொண்டிருக்கும், அப்புறம் ஒரு டிரான்ஸ்பார்மர், அதைத் தாண்டினால் கடைக்காரர் பைக் ஏற்றப் போட்ட சிமெண்ட் சரிவு. ஒவ்வொரு வாசலுக்கும் ஏறி இறங்குவதைவிட ரோட்டில் நடப்பது சுலபம் என்று பெரியவர்கள் இறங்கிவிடுகிறார்கள். வாசல்களில் நடைபாதை சமமாகத் தொடர வேண்டும், உள்ளே போகும் வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். கிரானைட்டை விட இது முக்கியம்.

நிழலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஈரோட்டு வெயிலில் அரை கிலோமீட்டர் நடந்தவருக்குத் தெரியும், மரம் இல்லாத நடைபாதை பாதி நாளுக்குத்தான் பயன்படும். ஸ்டீல் கூரையை விட புங்கனும் வேம்பும் மேல். வேர்விட ஒன்றரை மீட்டர் சதுரத்துக்கு மண்ணை மூடாமல் விட்டால் போதும். இளநீர்க்காரரையும் பூக்காரம்மாவையும் விரட்ட வேண்டியதில்லை. மர வரிசைக்கு நடுவிலேயே அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுக்க 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் வழி செய்திருக்கிறது.

கோவையில் இதற்கு இப்போது நல்ல நேரம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தாயிற்று. வேகமாகப் போகிறவருக்கு மேலே வழி கிடைத்துவிட்டது. இனி கீழே இருக்கும் அவினாசி ரோட்டில் வேகம் எதற்கு? பீளமேடு, ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்புகளில் மேடான கடவை வேண்டும் என்று வார்டு பகுதி சபையில் எழுத்தில் கொடுங்கள். மெயின் ரோடுகள் பல நெடுஞ்சாலைத் துறை வசம் இருப்பதால், மனுவின் நகல் ஒன்றைக் கோட்டப் பொறியாளருக்கும் அனுப்புங்கள். எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் மக்கள் தாண்டுகிறார்கள் என்று ஒரு படமும் வரைந்து கூடவே வையுங்கள்.