ஈடுபாடும் பித்தும்

பத்தமடையில் பாய் நெய்யும் பெண்மணி ஒருவர், ஊறவைத்து மெல்லிய கீற்றுகளாகக் கிழித்த கோரையைப் பாவுக்குள் நுழைக்கும்போது, யார் கூப்பிட்டாலும் நிமிர்வதில்லை. ஆனால் அடுப்பில் சோறு பொங்கினால் உடனே எழுந்துபோய், திரும்பி வந்து, விட்ட இழையிலிருந்து தொடர்கிறார். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரோ, கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடுபவர், சோற்றுத் தட்டின் முன்னாலும் கட்டைவிரலை நிறுத்துவதில்லை.

செலவிடும் நேரத்தை வைத்து இவ்விருவரையும் பிரிக்க முடியாது. கனடா உளவியலாளர் ராபர்ட் வாலரண்ட் தம் குழுவினருடன் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் தாமாக விரும்பி ஏற்று வாழ்வின் மற்றவற்றோடு பொருத்திக்கொள்ளும் இணக்கமான பற்றையும், தன்மதிப்போ பிறரின் அங்கீகாரமோ அச்செயலோடு முடிச்சிடப்பட்டதால் ஆளையே ஆட்டிவைக்கும் பித்தையும் வேறுபடுத்துகிறது. முன்னதில் கடிவாளம் மனிதரிடம் இருக்கிறது.

பித்துக்கு வேறொரு தீனியும் உண்டு. எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறா சலிக்காமல் கொத்திக்கொண்டே இருப்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. சீட்டாட்டத்தின் பரிசும் அப்படியே, எப்போது வரும் என்று தெரியாமல் வருகிறது. பாய் அப்படி ஏமாற்றுவதில்லை, நெய்த அளவுக்கு நீள்கிறது. மேலும், மூளையில் வேட்கையும் இன்பமும் தனித்தனி வழிகளில் இயங்குவதால், ருசி வற்றிய பின்னும் வேட்கை மட்டும் ஏறிக்கொண்டே போகலாம் என்பது மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜின் விளக்கம். ஆகவே அந்த இளைஞரைச் சோம்பேறி என்று ஏசுவதை நான் ஏற்கமாட்டேன். “ஜெயிச்சாலும் சந்தோசமா இல்ல அண்ணாச்சி, ஆனா கை நிக்க மாட்டேங்கு” என்று அவரே என்னிடம் சொன்னார்.