லாமர் ஜாக்சனா, ஜோஷ் ஆலனா? 2018 டிராஃப்ட் ஓர் ஒப்பீடு

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடவும் எறியவும் வல்ல கல்லூரி குவார்ட்டர்பேக்கைத் தொழில்முறை அணியில் சேர்க்கலாமா என்று தயங்குவோருக்கு, 2018 என்எஃப்எல் டிராஃப்ட்டில் (தொழில்முறை லீக் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வந்த இந்த இருவரே நல்ல உரைகல்.

உடல்வாகு: ஆலன் 6 அடி 5 அங்குல உயரமும் மோதலைத் தாங்கும் கட்டும் உடையவர். ஜாக்சன் மெலிந்தவர், ஆனால் நேரடி அடியில் எளிதில் சிக்காதவர்.

எறிதல்: வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆலனின் கைவலிமை வியப்பூட்டினாலும், 2017இல் அவர் எறிந்தவற்றில் ஏறத்தாழ 56 சதவீதமே சக வீரர்களைச் சேர்ந்தன. லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஜாக்சனுக்கு அது 59, இரண்டும் குறைவுதான்.

ஓட்டம்: இதில் போட்டியே இல்லை. 2016இல் 1,571 யார்டு ஓடி, 21 டச்டவுன்களை (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்) ஓடியே எடுத்து, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வென்றவர் ஜாக்சன். அப்படிப்பட்டவரை எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாற்றச் சொன்ன அனுபவசாலிகளின் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விலை: ஆலனுக்காக பஃபலோ அணி தேர்வு வரிசையில் 7ஆம் இடத்துக்கு முன்னேற வேண்டியிருந்தது, ஜாக்சன் பால்டிமோர் அணிக்கு 32ஆம் இடத்தில் கிடைத்தார்.

குளிர்காற்று வீசும் மைதானமும், குறி தவறுவதைப் பொறுமையாகத் திருத்த அவகாசமும் உள்ள அணிக்கு ஆலன் பொருந்துவார். 2019இல் பால்டிமோர் செய்ததுபோல, தாக்குதல் திட்டத்தையே வீரரைச் சுற்றி அமைக்கத் துணியும் அணிக்கு ஜாக்சனே பொருத்தம். அந்த ஆண்டே அவர் ஒருமனதாக எம்விபி (லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆனார்.