பழைய கார் ரேடியேட்டர் மூடி ஆடுகிறதா? பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்புக் கொட்டகையில் தாத்தா வாங்கிய மோரிஸ் எய்ட் ஒன்று நிற்கிறது. 1930களின் நடுவில் வந்த முதல் வரிசை வண்டி, 918 சிசி எஞ்சின். முன்னால் ரேடியேட்டர் வெளியே தெரியும்படி இருக்கும். அதன் தலையில் பித்தளை மூடி, மூடியின் மேல் இறக்கை விரித்த ஒரு பறவை. தாத்தா வண்டி எடுக்கும்போதெல்லாம் முதலில் அந்தப் பறவையைத்தான் துணியால் துடைப்பாராம்.

சில மாதங்களாக அந்த மூடி சரியாக இறுகவில்லை. முழுக்கத் திருகினால் பறவை இடது பக்கம் பார்க்கும். நேராக வைத்தால் மூடி லொடலொடவென்று ஆடி, ஓடும்போது கண்ணாடியில் தண்ணீர்த் துளி தெறிக்கும். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்க நினைத்திருந்தோம். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம்.

அந்த மெக்கானிக் மூடியைக் கழற்றி, ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “மரை மொத்தமா போயிடுச்சு சார். பெங்களூரு அனுப்பித்தான் புதுசா வெட்டணும். 6,500 ஆகும்” என்றார். அப்பாவுக்கு மனசே இல்லை. நான்தான் சரி என்றேன். பணம் ரொக்கம். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்.

நான்கு நாள் கழித்து வண்டியை எடுத்தோம். மூடி அசையவே இல்லை. கையால் திறந்து பார்க்க முயன்றேன், வரவில்லை. “புது மரை, அப்படித்தான் இருக்கும்” என்றார். அங்கேயே நின்று திறந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலக் குளிரில் வீடு வந்து சேர்ந்ததால் எதுவும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு, நல்ல வெயில். தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை கண்ணில் படும் நேரத்தில் முன்னாலிருந்து ‘டப்’ என்று ஒரு சத்தம். பானெட் முழுக்க ஆவி. அப்பாவை இறக்கி ஓரமாக நிற்க வைத்துவிட்டுப் பார்த்தால், ரேடியேட்டரின் மேல்தொட்டி ஈயம் வைத்த இணைப்போடு விரல் நீளத்துக்குப் பிளந்து கிடக்கிறது. பறவை மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு மணி நேரம் ஆற விட்டு, ஈரச் சாக்கைப் போட்டுப் பைப் ரெஞ்ச் வைத்துத் திறந்தோம். மரை எதுவும் வெட்டப்படவில்லை. பழைய மரையில் எம்-சீல் அப்பித் திருகியிருக்கிறார்கள். பறவை ஆடாமல் இருக்க அதன் வயிற்றிலேயே துளை போட்டு ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. அதைப் பார்த்ததும் அப்பா பேசவே இல்லை. இதையெல்லாம்விட மோசமானது, ரேடியேட்டர் கழுத்துக்குள் இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயையும் அதே பசையால் அடைத்திருந்தது. தண்ணீர் தெறிக்கிறது என்று நாங்கள் சொன்னதற்காக இதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த வண்டியில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ரேடியேட்டரில் குளிர்ந்து கீழே இறங்கும். இப்போதைய கார்களைப் போல அழுத்தம் தாங்கும் மூடியும் கிடையாது. ஆவி வெளியேற அந்தக் குழாய் ஒன்றுதான் வழி. அதை அடைத்தால் அழுத்தம் பழைய ஈய இணைப்பைத்தான் பிளக்கும். அந்த நேரம் யாராவது முன்னால் குனிந்து நின்றிருந்தால் முகம் வெந்திருக்கும். இதை நினைத்துத்தான் எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அப்புறம் தெரிந்தவர் சொல்லி ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்த வயசான டர்னர் பசையைச் சுரண்டி, பித்தளை பிரஷ் போட்டு, மரையில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். “மரைக்கு ஒண்ணும் ஆகல தம்பி. உள்ள இருந்த தோல் வாஷர் காஞ்சு உதிர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.” செருப்புக்குப் போடும் தோலில் புதிதாக ஒரு வாஷர் வெட்டிப் போட்டார். பறவை இன்னும் கால் சுற்று தாண்டியே நின்றது. ஒரு முழுச் சுற்றுக்கு மூடி எவ்வளவு இறங்குகிறதோ, அதில் கால் பங்கு கனத்துக்கு பேக்கிங் தாளை வாஷருக்கு அடியில் வைத்தார். இப்போது திருகினால் மூடி கால் சுற்று முன்னாலேயே இறுகி, பறவை நேராக நிற்கிறது. பறவை ஆடியதற்குக் காரணம் மூடிக்கு அடியில் இருக்கும் நட்டு தளர்ந்தது. ஒரு ஃபைபர் வாஷர் போட்டு முடுக்கினார். எல்லாம் சேர்த்து 150 ரூபாய். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைக்கத் தனியாக 7,800 ஆனது.

அவர் இன்னொன்றும் சொன்னார். பழைய மூடிகள் எல்லாம் பித்தளை இல்லை. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியதும் உண்டு. அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் மஞ்சளாக வந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக வந்தால் துத்தநாகம். துத்தநாகக் கலவை 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அதில் காஸ் வெல்டிங் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய பட்டறைக்குத் திரும்பப் போய்க் கேட்டோம். “ரேடியேட்டர் பழசு, அதுக்கு நான் என்ன பண்றது” என்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால் கையில் பில் இல்லை. பணம் கொடுத்ததற்கும் தடயம் இல்லை.

இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மூடியை மட்டும் கழற்றிக் கையில் கொண்டு போங்கள், வேலை முடியும்வரை கூடவே நில்லுங்கள். வண்டியை விட்டே ஆக வேண்டும் என்றால், திரும்ப எடுக்கும்போது எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குக் கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் டியூபைச் செருகி ஊதுங்கள். காற்று மேலே கழுத்து வழியாக வர வேண்டும். வராவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.