கவுண்டிக்குக் கவுண்டி மாறும் புற்றுநோய் வீதம்: ‘ஸ்டேட் கேன்சர் புரொஃபைல்ஸ்’ இணையச் சேவை ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குள்ளே எந்தக் கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவு) எந்தப் புற்றுநோய் எவ்வளவு பதிவாகிறது என்று பார்க்க, ‘ஸ்டேட் கேன்சர் புரொஃபைல்ஸ்’ தளத்தைவிட நல்ல இடம் எங்களுக்குத் தெரிந்து இல்லை. அந்நாட்டின் தேசிய புற்றுநோய் நிறுவனமும் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் சேர்ந்து நடத்துகின்றன. இலவசம், பெயர் பதிய வேண்டியதில்லை, தமிழில் இல்லை. கொழும்பிலிருந்து இதைத் திறப்பவர்களில் பிள்ளைகள் அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போகிற வீட்டார் ஒரு பகுதி. மருத்துவ பீடத்திலோ பத்திரிகையிலோ இருந்துகொண்டு எங்கள் மாவட்டங்களோடு ஒப்பிட விரும்புகிறவர்கள் இன்னொரு பகுதி. இரு சாராருக்கும் இது உதவும். ஆனால் மேலோட்டமாக வாசித்தால் இரு சாராரையும் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடும்.

பாவிக்கும் முறை சுலபம். நோய் ஏற்படும் வீதத்துக்கும் இறப்பு வீதத்துக்கும் (வீதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு) தனித்தனி அட்டவணைகள் உண்டு. முதலாவதைத் திறந்து மாநிலத்தைத் தெரிவுசெய்து, ‘கவுண்டி வாரியாக’ என்று வைக்க வேண்டும். பிறகு புற்றுநோய் வகை, இனம், பால், வயது, நோயின் கட்டம். வயதில் 50க்குக் கீழ், 50க்கு மேல், 65க்குக் கீழ், 65க்கு மேல் என்று பிரித்துப் பார்க்கலாம். கட்டத்தில் ‘முற்றிய நிலை’ மட்டும் வேண்டுமென்றும் கேட்கலாம். கிடைப்பது ஒரு ஆண்டின் கணக்கன்று, 2017–2021 என்பதைப் போன்ற ஐந்தாண்டுகளின் சராசரி. புற்றுநோய்ப் பதிவேடுகள் ஒரு ஆண்டின் நோயாளர்களைத் திரட்டி, இரட்டைப் பதிவுகளை நீக்கிச் சமர்ப்பிக்கவே இரண்டு வருடத்துக்குக் கிட்ட எடுக்கும். அதனால் தகவல் எப்போதும் சில ஆண்டுகள் பிந்தியே வரும். அட்டவணை அகலமானது, கைபேசியில் பாதி நிரல்கள் திரைக்கு வெளியே போய்விடும். மடிக்கணினியில் பாருங்கள்.

எல்லோருடைய கண்ணும் போவது வீதம் இருக்கும் நிரலுக்கு. நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது ‘ஆண்டுச் சராசரி எண்ணிக்கை’ என்ற நிரலை. அதில் 8 என்று இருந்தால் அந்த ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 40 பேர்தான். அந்த 40 பேரை வைத்துத்தான் வீதம் முழுவதும் நிற்கிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்தால் வீதத்தின் தளம்பல் எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். 400 பேர் என்றால் 5 சதவீதம், 100 பேர் என்றால் 10 சதவீதம், 16 பேர் என்றால் 25 சதவீதம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வீதம் பெரும்பாலும் இருக்கக்கூடிய எல்லை) ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு, இரு பக்கமும். 16 பேர் பதிவான இடத்தில் உண்மையான எதிர்பார்ப்பு 9 ஆகவும் இருக்கலாம், 26 ஆகவும் இருக்கலாம். ஐந்தாண்டில் 16க்குக் குறைவான நோயாளர் இருந்தால் தளம் வீதத்தைக் காட்டாமல் உடுக்குறி (*) போடுவது இதற்காகவும், ஆட்களை அடையாளம் காண முடியாதிருக்கவும்தான். உடுக்குறி என்றால் ‘நோய் இல்லை’ என்று எடுக்கக் கூடாது. மாநிலச் சட்டம் தடுப்பதால் கவுண்டித் தகவல் வெளியிடப்படாத இடங்களும் உண்டு. அதை அடிக்குறிப்பில் சொல்லியிருப்பார்கள், அடிக்குறிப்புகளைத் தவறாமல் வாசிக்க வேண்டும்.

கவுண்டி என்பதை எங்கள் மாவட்டத்துக்கு ஈடாக நினைப்பவர்கள் அளவைக் கவனிப்பதில்லை. 2012 குடிசன மதிப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 லட்சம் பேர், முல்லைத்தீவில் சுமார் 92,000 பேர். இதுவே எங்களுக்குப் பெரிய இடைவெளி. டெக்சாஸில் 254 கவுண்டிகள். 2020 குடிசன மதிப்பில் ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் பேர், லவிங் கவுண்டியில் 64 பேர். அந்த 64 பேரில் ஐந்து வருடத்துக்குள் ஒரே ஒருவருக்கு ஏதோ ஒரு புற்றுநோய் வந்தாலும், கணக்குக்கு ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 312 என்று வந்துவிடும். ஒருவருக்கும் வராவிட்டால் பூச்சியம். அபூர்வமான புற்றுநோய்களைப் பொறுத்தவரை மாநிலத்தின் மிகக் கூடிய வீதமும் மிகக் குறைந்த வீதமும் ஆட்கள் குறைந்த கிராமக் கவுண்டிகளிலேயே விழுவதற்குக் காரணம் இதுதான். நீரிலோ காற்றிலோ தேட முன்னர் இதை நினைவில் வைக்க வேண்டும். 254 கவுண்டிகளுக்கும் உண்மையில் ஒரே வீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி என்ற அளவுகோலால் பார்த்தால் ஒரு டசின் கவுண்டிகள் வெறும் தற்செயலாகவே ‘வித்தியாசமானவை’ என்று தெரியும்.

இந்தத் தளத்தை நாங்கள் மெச்சுவதற்குப் பெரிய காரணம், ஒவ்வொரு வீதத்துக்கும் பக்கத்திலேயே நம்பிக்கை இடைவெளி அச்சாகியிருப்பது. அதைவிட நல்லது, ஒவ்வொரு கவுண்டியின் தரவரிசைக்கும் ஒரு இடைவெளி கொடுத்திருப்பது. ‘மாநிலத்தில் 3ஆம் இடம்’ என்று ஒரு கவுண்டி நிற்கும். பக்கத்து நிரலில் அந்த இடம் 1 இலிருந்து 90 வரை எங்கேயும் இருக்கலாம் என்று எழுதியிருக்கும். செய்தி எழுதுகிறவர்கள் இந்த நிரலைப் பார்க்காமல் ‘மூன்றாவது மோசமான கவுண்டி’ என்று தலைப்புப் போடக் கூடாது.

வரைபடத்தில்தான் எங்களுக்குக் குறை. இயல்பாக வருகிற நிறப் பிரிப்பு, கவுண்டிகளைச் சம எண்ணிக்கையிலான குழுக்களாக வெட்டுகிறது. வீதங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் ஒரு பகுதி கடும் நிறத்தில் வந்தே தீரும். 455க்கும் 462க்கும் நடுவில் நிறம் மாறியிருக்கும். அந்த ஏழு, நம்பிக்கை இடைவெளிக்குள் மறைந்துபோகிற அளவு. இதற்கு மேல், பரப்பில் பெரிய, ஆட்கள் குறைந்த கவுண்டிகள் கண்ணை இழுக்கும். வட்சப்பில் சுற்றுவது பெரும்பாலும் இந்தப் படங்கள்தான். யாராவது உங்களுக்கு ஒன்றை அனுப்பினால், நிறத்துக்கான அளவுத்திட்டத்தையும் அட்டவணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வயது விடயத்தில் தளம் சரியாக நடந்துகொள்கிறது. ஃபுளோரிடாவின் சம்டர் கவுண்டியில் ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளால் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கே புற்றுநோயாளர் கூடத்தான் இருப்பார்கள். அதனால் வீதங்கள் எல்லாம் 2000ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரக் குடிசனத்துக்கு ஏற்ப வயதுச் சீராக்கம் செய்யப்பட்டே வருகின்றன, அதாவது எல்லாக் கவுண்டிகளிலும் வயதுப் பங்கு ஒன்றே என்று வைத்துக் கணக்கிடப்படுகின்றன. ஒரு மாதிரிக் கணக்கு: 65க்குக் கீழ் லட்சத்துக்கு 200, அதற்கு மேல் 2000 என்று ஒரு ஊரில் நோய் வருகிறது என்று வையுங்கள். முதியோர் 10 சதவீதமானால் பச்சை வீதம் (சீராக்காத வீதம்) 380. 30 சதவீதமானால் 740. நோயின் தன்மை ஒன்றுதான், மாறியது வயது மட்டுமே.

இதே இடத்தில்தான் எங்கள் மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். அமெரிக்கத் தரக் குடிசனத்தில் 65க்கு மேற்பட்டவர்கள் 12.6 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் நாடுகளை ஒப்பிட எடுக்கும் உலகத் தரக் குடிசனத்தில் அது 7 சதவீதம் மட்டுமே. மேலே சொன்ன அதே ஊரை முதலாவதால் சீராக்கினால் 427 வரும், இரண்டாவதால் 326. ஆகவே கென்டக்கியின் ஒரு கவுண்டி எண்ணை எடுத்து, உலகத் தரத்தில் கணக்கிட்ட இலங்கை வீதத்துக்குப் பக்கத்தில் வைத்து ‘அங்கே இவ்வளவு மடங்கு’ என்று எழுதினால் அந்த ஒப்பீடு செல்லாது. வகைப்படுத்தலிலும் கவனம் வேண்டும்: இந்தத் தளத்தின் ‘எல்லாப் புற்றுநோய்களும்’ என்ற கணக்கில் தோலின் சாதாரண அடித்தளக் கல, செதிற்கலப் புற்றுநோய்கள் சேர்க்கப்படுவதில்லை. நாட்டுக்கு நாடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். இந்தத் தளம் அதற்கானதல்ல.

இனி, சீராக்கிய பின்னும் நிற்கிற உண்மையான வித்தியாசங்கள். இவற்றிலும் எல்லாமே சூழலால் வந்தவை அல்ல. ஃபுளோரிடாவின் யூனியன் கவுண்டியைப் பாருங்கள். 2017இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை, 2014ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் நாட்டிலேயே மிகக் கூடிய புற்றுநோய் இறப்பு வீதத்தை இங்கேதான் கண்டது: லட்சத்துக்கு 503.1. மிகக் குறைந்தது கொலராடோவின் சம்மிட் கவுண்டி, 70.7. யூனியன் கவுண்டியில் சுமார் 16,000 பேர். அங்கே மாநிலச் சிறைத்துறையின் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஃபுளோரிடா முழுவதிலிருந்தும் நோயுற்ற கைதிகள் அங்கே கொண்டுவரப்படுகிறார்கள். அவர்கள் அந்தக் கவுண்டி வாசிகளாகவே கணக்கில் விழுகிறார்கள். எண் சரியானது, ஆனால் அது யூனியன் கவுண்டியின் மண்ணைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கவுண்டி தனியே துருத்திக்கொண்டு நின்றால் அங்கே சிறையோ பெரிய பராமரிப்பு இல்லமோ இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அடுத்தது பரிசோதனை. தேடுகிற இடத்தில்தான் நோய் கண்டுபிடிக்கப்படும். மார்பகம், புரோஸ்டேட், தைரொயிட் மூன்றிலும் இது மிகவும் பலமாகத் தெரியும். கலிபோர்னியாவின் வசதியான மரின் கவுண்டியில் மார்பகப் புற்றுநோய் வீதம் கூடியிருந்தது பல வருடம் பேசப்பட்டது. பிந்திய வயதில் குழந்தை பெறுதல், மாதவிடாய் நின்ற பின் ஹோர்மோன் சிகிச்சை, ஒழுங்கான மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆகியவை அங்கே அதிகம். 2002இல் ஹோர்மோன் சிகிச்சையின் ஆபத்து வெளிவந்து பலர் அதை நிறுத்திய பிறகு அங்கே வீதம் இறங்கியது. ஆகவே ஏற்படும் வீதத்தைத் தனியே பார்க்காதீர்கள். இறப்பு வீதத்தையும் முற்றிய நிலை வீதத்தையும் கூடத் திறந்து வையுங்கள். ஏற்படும் வீதம் உயர்ந்து மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால், அங்கே பரிசோதனை நன்றாக நடக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். மறுதலையாக, ஏற்படும் வீதம் சாதாரணமாகவும் இறப்பு உயர்வாகவும் இருந்தால் நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுகிறது, அல்லது சிகிச்சை தூரத்தில் இருக்கிறது. எங்களைக் கேட்டால் அதுதான் மிகவும் கவலைப்பட வேண்டிய கோலம்.

நம்பத்தகுந்த வித்தியாசத்துக்குச் சிறந்த உதாரணம் கிழக்குக் கென்டக்கி. நுரையீரல் புற்றுநோய் அப்பலாச்சிய மலைப்பகுதிக் கவுண்டிகளில் ஒன்றிரண்டில் அல்ல, அடுத்தடுத்து ஒரு கட்டியாக உயர்ந்து நிற்கிறது. ஆண்களிலும் பெண்களிலும் உயர்வு, இறப்பிலும் உயர்வு, வேறு வேறு காலப்பகுதிகளிலும் உயர்வு. புகைத்தல், வறுமை, நிலக்கரிச் சுரங்க வேலை, நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடன் என்று காரணங்களும் பொருந்தி வருகின்றன. இப்படிப் பல பக்கமும் ஒத்துவந்தால்தான் நம்பலாம், ஒத்துவராத உயர்வைத் தற்செயல் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

போக்கு நிரலில் ‘உயர்கிறது’, ‘குறைகிறது’, ‘நிலையானது’ என்று வரும். சிறிய கவுண்டியில் ‘நிலையானது’ என்றால் மாற்றம் இல்லை என்பதல்ல. மாற்றத்தைப் பிரித்தறியப் போதிய ஆட்கள் இல்லை என்பதுதான் பெரும்பாலும். 2020இல் பெருந்தொற்றால் பரிசோதனைகள் தடைப்பட்டுப் பதிவுகள் குறைந்தன. போக்குக் கணக்கில் அந்த ஆண்டை விட்டுவிடுகிறார்கள், ஐந்தாண்டுச் சராசரியில் அது உள்ளேயே இருக்கிறது.

பிள்ளைக்கு வீடு தேடுகிற பெற்றோருக்கு நேராகவே சொல்கிறோம்: கவுண்டி வீதத்தை வைத்து வீட்டைத் தெரிவுசெய்யாதீர்கள். நோய் கண்டறிந்தபோது இருந்த முகவரியே பதிவாகிறது; நுரையீரல் போன்ற புற்றுநோய்க்கான காரணம் இருபது, முப்பது வருடம் முந்தி வேறு மாநிலத்தில் நடந்திருக்கலாம். அதைவிடப் பயனுள்ள வேலை, வாங்கப் போகிற வீட்டில் ரேடன் அளப்பது. சிறிய அளவுகருவியைக் கடையில் வாங்கலாம். ஆட்கள் புழங்குகிற மிகக் கீழ்த்தளத்தில், கதவு யன்னல்களை மூடி, குறைந்தது 48 மணித்தியாலம் வைத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். லீற்றருக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்க அலகு) அல்லது அதற்கு மேல் என்றால் சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். பக்கத்து வீட்டு அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

தகவலைத் தரவிறக்கி எக்செலில் போடுகிறவர்களுக்கு: கவுண்டிக் குறியீடு ஐந்து இலக்கம். எக்செல் முன்னால் உள்ள பூச்சியத்தைத் தின்றுவிடும். லொஸ் ஏஞ்சல்ஸின் 06037 வெறும் 6037 ஆகி, வேறு கோப்போடு இணைக்கும்போது கலிபோர்னியா முழுவதும் காணாமல் போகும். அந்த நிரலை எழுத்து வடிவமாக வைத்து இறக்குமதி செய்யுங்கள். உடுக்குறிகளைப் பூச்சியமாக மாற்றாதீர்கள், வெறுமையாக விடுங்கள். கனெக்டிகட்டின் 8 கவுண்டிகளுக்குப் பதிலாக 9 திட்டமிடல் வலயங்களைக் குடிசனப் பணியகம் 2022இல் ஏற்றுக்கொண்டது. பழைய கோப்பும் புதியதும் அங்கே பொருந்தாது.

எங்கள் மாவட்டங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் நாரஹேன்பிட்டியில் இருந்து இயங்கும் தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் பதிவேட்டு அறிக்கைகளை எடுக்கலாம், அவர்களின் தளத்தில் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. ஆண்களில் வாய்ப் புற்றுநோயும் பெண்களில் மார்பகப் புற்றுநோயும் முன்னிற்பதை அங்கே காணலாம். இரண்டு மாவட்டங்களை ஒப்பிடும்போது நோயாளர் எண்ணிக்கையை முதலில் எழுதி வர்க்கமூலக் கணக்கைச் செய்யுங்கள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்கு வருகிறவர் கொழும்பில் தங்கியிருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுத்தால் ஒரு மாவட்டம் ஏறி இன்னொன்று இறங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். முல்லைத்தீவு, மன்னார் போன்ற சிறிய மாவட்டங்களுக்கு ஒரு ஆண்டின் கணக்கை எடுக்காமல், குறைந்தது ஐந்து ஆண்டு அறிக்கைகளின் எண்களைக் கூட்டி, அந்த ஐந்து ஆண்டுகளின் குடிசன மதிப்பீடுகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.